கடல் வந்த செய்தி



ஒரு நாட்டிலே பெருந்துயரம் ஒன்று நிகழுமாயின், அதனைக் கண்ணாற் கண்டவர் சிலராகவும், காதாற் கேட்டவர் பலராகவும் இருப்பது இயல்பு. கண்டவர்கள் அதைப்பற்றிப் பேச முழு உரிமை உடையவர்கள். கேட்டவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நாம் பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம். ஆனால், கேட்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் எந்தச் சொல் காதில் விழுந்தது, எதை நம்பினோம், எதை நம்ப மறுத்தோம், எந்தக் கணத்தில் அது ஊரார் செய்தியாக இருந்த நிலை மாறி நம் வீட்டுச் செய்தியாயிற்று என்பனவெல்லாம் எண்ணிப் பார்க்கத்தக்கவை. வள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது அறிவுடையோரின் சொற்களைக் கேட்டல். செய்தியைக் கேட்டலும் பயிற்சி வேண்டும் ஒரு கலை என்பதனை, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை எனக்கு உணர்த்திற்று. அதைப்பற்றியே இன்று சிறிது நேரம் உங்களோடு பேச விழைகின்றேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், அத்தோடு பூரணைப் போயா தினமும் ஆகும். பாடசாலைகளுக்கு விடுமுறை. கொழும்பு மாநகரம் சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல விழிக்கும் காலைப்பொழுது. நாங்கள் அன்றும் பாமன்கடையிலேதான் குடியிருந்தோம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே கிழக்கு நோக்கி நடந்தால், கடைகளும் மாடிவீடுகளும் கோயில் மணியோசையும் கடந்து, பாமன்கடைச் சந்திக்கு வந்துவிடலாம். கடல் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் ஆரவாரமில்லாத காலைகளில், கரையோரப் புகையிரதத்தின் ஊதல் எங்கள் முற்றம்வரை கேட்கும்.

அப்போது நான் ஆசிரியப் பணியில் இருந்தேன். என் தாயார் கண் வைத்தியத்திற்காக மட்டக்களப்பிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவருடைய வீடு கல்லடியில். வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் அந்த நிலத்தில், என் மூத்த சகோதரி தன் கணவரோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வாழ்ந்துவந்தார். வீட்டு வாயிலில் நின்று பார்த்தால் கடல் தெரியும். அம்மா அந்தக் கடலை ஒருபோதும் அஞ்சியவரல்லர். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியையே அவர் அஞ்சினார். அவருடைய நினைவில் அழிவு என்பது காற்றின் வடிவிலேயே இருந்தது.

முதற் செய்தி எங்களுக்குக் காலை ஒன்பது மணி கடந்த பின்னரே எட்டியது. அயல்வீட்டு இளைஞன் ஒருவன் படிக்கட்டில் நின்றவாறே, "திருகோணமலையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம்" என்றான். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் அச்சமூட்டும் சொல் ஒன்றுகூட இருக்கவில்லை. மாரி காலத்தில் கடல் கரையை அரித்து ஊருக்குள் வருவது கிழக்கு மாகாணத்தார் அறியாத ஒன்றன்று. என் கணவர், பெருமழை பெய்திருக்கும் என்றார். அம்மா மாத்திரம் அவனைப் பார்த்து, "கண்டதா, கேட்டதா?" என்று வினவினார்.

இந்த வினா என் தாயாரின் வாழ்நாள் வழக்கம். யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும், அதனை ஏற்பதற்கு முன் இந்த இரண்டு சொற்களால் அளந்து பார்ப்பார். கண்டதானால் உட்காரவைத்து முழுவதும் கேட்பார். கேட்டதானால், "சொன்னவர் கண்டாரா?" என்று அடுத்த வினாவைத் தொடுப்பார். எழுத்தறிவு அதிகம் பெறாத ஒரு கிராமத்துப் பெண், செய்தியைச் சோதிப்பதற்குத் தாமே அமைத்துக்கொண்ட உரைகல் அது. அந்த இளைஞன், "கேட்டதுதான்" என்று சொல்லிச் சென்றான்.

பத்து மணிக்குச் சற்று முன்னர் தெருவில் ஓசை மாறிற்று. கடற்கரைப் பக்கத்திலிருந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும், கையில் அகப்பட்ட பையைப் பற்றிக்கொண்டும், எங்கள் பக்கம் நோக்கி விரைந்து வந்தார்கள். கடல் முதலில் பின்வாங்கியதாகவும், கரையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்ததாகவும், பின்னர் நீர் உயர்ந்து வந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். இவர்கள் கண்டவர்கள். கொழும்புக்கு வந்த அலை, தீவின் மேற்குப் பக்கத்தை வளைந்து வந்து வலுக்குறைந்த அலை என்பதனை நாங்கள் பின்னரே அறிந்தோம். அந்த வலுக்குறைந்த அலையைக் கண்டு ஓடி வந்தவர்களின் முகங்களைப் பார்த்தபோது, கிழக்கிலே, கடலுக்கு நேர்முகமாகத் திறந்து கிடக்கும் கல்லடியை நான் முதன்முறையாக நினைத்தேன். அம்மா எனக்கு முன்பே நினைத்துவிட்டார் என்பதனை, அவர் தொலைபேசி அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்ததிலிருந்து அறிந்துகொண்டேன்.

கல்லடி வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கவே இல்லை. உறவினர் இல்லங்களுக்கு முயன்றோம், அவையும் அவ்வாறே. வானொலியைத் திருப்பினோம். இடையிடையே அறிவித்தல்கள் வரத் தொடங்கின. கல்முனை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில், முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, காலி, அம்பாந்தோட்டை என்று ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தீவின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து, கரையோர நகரங்களை வலஞ்சுழியாகச் சொல்லும்படி நான் மாணவர்களைக் கேட்பதுண்டு. அன்றைக்கு வானொலி அந்தப் பாடத்தையே சொல்லிக்கொண்டிருப்பதுபோல் தோன்றிற்று. ஒவ்வொரு பெயரும் இலங்கைத் தீவின் ஓரத்தில் ஒரு தீக்கோடு இழுத்துச் சென்றது. மட்டக்களப்பு என்ற பெயர் வந்தபோது அம்மா வானொலியின் ஒலியைக் கூட்டவில்லை; குறைத்தார். அந்தச் செயலின் பொருளை நான் இன்றும் முற்றாக விளக்கமாட்டேன்.

சுனாமி என்ற சொல்லை அன்றைக்குத்தான் நம்மிற் பெரும்பாலோர் கேட்டோம். அது யப்பானிய மொழிச் சொல். துறைமுக அலை என்பது அதன் பொருள். நமக்கோ இதற்கு மிகப் பழைய சொல் இருந்தது. கடல்கோள் என்ற சொல்லைத் தமிழ் படித்த எந்த மாணவனும் அறிவான். தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்ற மரபுக்கதையையும், காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டமையையும் நாம் வகுப்பறையில் சொல்லிவந்தோம். சிங்கள மக்களும் களனி மன்னன் மகளான விகாரமகாதேவியின் கதையிலே, பொங்கியெழுந்த கடலைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்தனர். இரண்டு இலக்கிய மரபுகள் கடலைப்பற்றி நம்மை எச்சரித்திருந்தும், அந்தச் சொல் பரீட்சைக்குரிய சொல்லாகவே நின்றுவிட்டது. கடல் பின்வாங்கினால் ஓடவேண்டும் என்ற ஒரு வரி, எந்தப் பாடத்திலும் அந்தச் சொல்லோடு சேர்த்து வைக்கப்படவில்லை.

மாலையானதும் எண்கள் வந்தன. முதலில் நூறுகள்; பின்னர் ஆயிரங்கள். ஆண்டு பிறந்தபோது இலங்கையில் இறந்தோர் தொகை முப்பதாயிரத்தை நெருங்கிவிட்டது. இறந்தவரும் காணாமற்போனவருமாக முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இத்தீவு இழந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரம் பேருக்கு மேல். கடலுக்கு அப்பால் நாகப்பட்டினமும், வேளாங்கண்ணியும், சென்னைக் கடற்கரையும் அழுதன. இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இவ்வெண்களை நான் ஒரு தாளில் எழுதி எழுதி அடித்தேன். அம்மா அந்தத் தாளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எண் எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் பெயர் இல்லை. அவர் காத்திருந்தது பெயருக்காக.

இரண்டாம் நாள் வானொலிகள் பெயர்களையும் வாசிக்கத் தொடங்கின. இன்னார் இன்ன பாடசாலை முகாமில் இருக்கிறார், இன்னாரை இன்னார் தேடுகிறார் என்று வந்த அந்த அறிவித்தல்களைப்போல் மனிதர்கள் உற்றுக் கேட்ட ஒலிபரப்பு வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. எங்கள் மாடிவீட்டிலே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் யாவரும் குடியிருந்தனர். காலியில் தமையனைத் தேடிய ஒரு சிங்களத் தாயும், சாய்ந்தமருதில் பேரனைத் தேடிய ஒரு முஸ்லிம் பெரியவரும், கல்லடியில் மகளைத் தேடிய என் தாயாரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். தமிழ் ஒலிபரப்பில் பெயர்கள் வரும்போது நான் சிங்களத்தில் சொல்வேன். சிங்கள ஒலிபரப்பில் வருவதனை அந்தத் தாய் அரைகுறைத் தமிழில் சொல்வார். இருபதாண்டுகாலப் போரினாலும், அதன்பின் வந்த போர்நிறுத்தத்தினாலும் முடியாத ஒன்றைத் துயரம் அந்தக் கூடத்திலே சில நாட்களுக்குச் செய்து காட்டிற்று. வீதியிலும் அவ்வாறே. அரிசியும், பால்மாவும், துணியும் ஏற்றிய லொறிகள், யாருடைய ஊருக்கென்று பாராது வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டன.

மூன்றாம் நாள் பிற்பகல் தொலைபேசி ஒலித்தது. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு முகாமிலிருந்து, யாரோ ஓர் உதவிப் பணியாளரின் கைத்தொலைபேசியில் என் சகோதரி பேசினார். "தங்கச்சி, நானும் புள்ளைகளும் இருக்கம். அத்தான் இல்ல" என்றார். நான் மறுமொழி சொல்லுமுன் அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மகளின் பெயரை அழைத்தார். பிறகு, அவ்வளவு காலமும் ஊராரிடம் கேட்ட அதே வினாவை, மிகத் தாழ்ந்த குரலில் அவளிடமும் கேட்டார்.

"கண்டதா, கேட்டதா?"

"கண்டன், அம்மா."

அத்தான் பிள்ளைகளையும் மனைவியையும் ஒரு மாடிவீட்டின் மேற்றளத்தில் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டு மூதாட்டியைத் தூக்கிவர இறங்கியிருந்தார். முதல் அலை வடிந்துகொண்டிருந்த நேரம் அது. இனி அச்சமில்லையென்று எண்ணியிருப்பார். முதல் அலையைவிடப் பெரிய அலை பின்னர் வரக்கூடும் என்பதனை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அதன்பின் என் தாயார் எவரிடத்திலும் அந்த வினாவைக் கேட்டதை நான் அறியேன்.

நேயர்களே, எங்கள் வீட்டுக் கதையை இவ்வளவு தூரம் நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எவரும் சொல்லியிருக்கவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சிறிது கடிகாரத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது, அன்றைய எமது நேரப்படி காலை 6.58 மணிக்கு. அக்காலத்தில் எமது கடிகாரம் இந்திய நேரத்துக்கு அரைமணி முந்தியிருந்தது. 2006 ஏப்ரலிலேதான் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. அதிர்வின் அளவு 9.1 எனப் பின்னர் கணிக்கப்பட்டது. கால்மணி நேரத்துள், அதாவது 7.14 மணிக்கு, ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அது பசிபிக் சமுத்திர நாடுகளுக்குரிய அறிக்கை. இந்து சமுத்திரத்துக்கென அப்போது எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. அலையோ ஆழ்கடலில் ஆகாயவிமானத்தின் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அது ஏறக்குறைய 8.30 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் எமது கிழக்குக் கரையை அடைந்தது.

இனி மற்றொரு பயணத்தைக் கவனியுங்கள். காலை 6.50 மணிக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்கு ஒரு புகையிரதம் புறப்பட்டது. நிலம் அதிர்ந்த வேளையில் அது கொழும்புக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சில நிமிடங்களில் அது வெள்ளவத்தையையும் கடந்து சென்றிருக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் அதில் நிறைந்திருந்தன. ஏறத்தாழ 9.30 மணியளவில் இக்கடுவைக்கு அருகே பெரெலிய என்னும் இடத்தில் அலை அதனை மறித்தது. நின்றுவிட்ட வண்டியை அரணென்று நம்பி, அயற்கிராமத்து மக்களும் அதில் ஏறினர். அடுத்து வந்த பேரலை அதனைப் புரட்டிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அந்த விபத்து, உலகப் புகையிரத வரலாற்றிலேயே மிகப் பெரியதெனக் கருதப்படுகின்றது.

கிழக்குக் கரையை அலை தாக்கியதற்கும் பெரெலியவில் அந்த வண்டி புரண்டதற்கும் இடையே அரைமணிக்கு மேற்பட்ட நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் செய்தி கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்துவிட்டது. எங்கள் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. மருதானையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் எட்டி, கரையோரப் பாதையில் வேறு சில வண்டிகள் நிறுத்தப்பட்டன என்பர். இந்த ஒரு வண்டியை மட்டும் நிறுத்த இயலவில்லை. அம்பலாங்கொடை நிலையத்தில் தொலைபேசி மணி கேட்கப்படுமுன் வண்டி புறப்பட்டுவிட்டதென்று சொல்லப்படுகின்றது. இதிலே எவரையும் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. செய்தி அலையைவிட விரைவாக ஓடக்கூடியது. ஆனால் அதற்கு வழி அமைத்து வைத்திருக்கவேண்டும். வழியின் மறுமுனையில் கேட்பதற்கு ஒருவர் இருக்கவேண்டும். கேட்டவருக்கு என்ன செய்யவேண்டுமென்பது முன்னரே தெரிந்திருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் செய்தி வெறும் ஒலியாகிவிடும்.

இதற்குச் சரியாக நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாக்கு நீரிணையின் மறுகரையிலே தனுஷ்கோடியைப் புயல் தாக்கியதையும், பாம்பனிலிருந்து வந்த புகையிரதம் ஒன்று அதில் வந்த யாவரோடும் கடலுக்கு இரையானதையும் முதியோர் சிலர் நினைவுகூரக்கூடும். இரு கரைகளிலும், ஒரே மாதத்தில், இரு வண்டிகள். கடல் தன் பாடத்தை இரண்டாம் முறையும் சொல்லிற்று.

அந்தப் பாடம் முற்றாக வீணாகவில்லை என்பதும் உண்மை. 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி, அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றிற்று. 2011ஆம் ஆண்டில் இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பு இயங்கத் தொடங்கிற்று. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் அதிர்வு. இம்முறை வானொலி அலைக்கு முந்திக்கொண்டது. கடற்கரைத் தெருக்களில் வாழ்ந்தோர் குழந்தைகளோடும் முதியோரோடும் நடந்து பாமன்கடைப் பக்கம் வந்து சேர்ந்தனர். ஆனால் பேரலை எதுவும் வரவில்லை. மாலையில் வீடு திரும்பியபோது, வராத அலைக்கு ஓடினோமே என்று சிலர் சிரித்தனர். அந்தச் சிரிப்பு எனக்கு மகிழ்ச்சி தந்தது. சிரிப்பதற்கு அவர்கள் யாவரும் உயிரோடு இருந்தார்கள் அல்லவா?

ஆயினும் ஓர் அபாயம் உண்டு. 2004 டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் அலை வரக்கூடும் என்று இந்திய அரசு விடுத்த எச்சரிக்கையினால் தமிழ்நாட்டுக் கரையில் மக்கள் கதறியோடினர், அலை வரவில்லை. இத்தகைய அனுபவங்கள் மிகுந்தால், உண்மையான எச்சரிக்கையையும் மக்கள் புறக்கணிப்பர். இக்காலத்திலோ கைத்தொலைபேசி ஒவ்வொன்றும் ஒரு செய்தி நிலையமாகிவிட்டது. எவரும் எதனையும் சொல்லலாம். கணப்பொழுதில் அது ஆயிரம் செவிகளுக்குச் செல்லும். ஆகையால் என் பாடசாலையில் மாணவர்களுக்கு நான் இரண்டு விதமான பயிற்சிகளைச் சொல்லிவருகின்றேன்.

முதலாவது, காலுக்கான பயிற்சி. கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, கடலிலிருந்து பேரிரைச்சல் எழுந்தாலோ, எவருடைய அனுமதிக்கும் காத்திராது உயரமான இடத்துக்கு ஓடு. 2004இல் அதிர்வை நம் நாட்டில் பெரும்பாலோர் உணரவே இல்லை. ஆதலால் நிலம் ஆடவில்லையே என்று இருந்துவிடாதே. முதல் அலை வடிந்ததும் இறங்காதே. உரியவர்கள் அறிவிக்கும்வரை மேலேயே நில்.

இரண்டாவது, காதுக்கான பயிற்சி. ஒரு செய்தி வந்தால் அது யார் சொன்னது, எங்கிருந்து, எப்போது என்று கேள். கண்டவர் சொன்னதற்கும் கேட்டவர் சொன்னதற்கும் வேற்றுமை பார். உறுதியில்லாததை உறுதியானதுபோலப் பிறருக்குச் சொல்லாதே. ஆனால் உறுதியானது என்று அறிந்த பின்னர் ஒரு கணமும் தாமதியாதே; உனக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை உன்னோடு நின்றுவிடுவதற்காகச் சொல்லப்பட்டதன்று. உன் அண்டைவீட்டு முதியவருக்கும், தெருவோரக் கடைக்காரருக்கும், உன் மொழி அறியாதவருக்கும் அதைக் கொண்டுசேர்.

மாணவர்கள் சில வேளைகளில் ஒரு வினா எழுப்புவதுண்டு. சோதித்துக்கொண்டு நின்றால் காலம் போய்விடாதா என்பர். நல்ல வினா. ஓடுவதற்குச் சோதனை வேண்டாம். பரப்புவதற்கே சோதனை வேண்டும் என்பது என் விடை. வீணாக ஓடியவனுக்கு நட்டம் ஒரு மணி நேரம். வீணாகப் பரப்பியவனோ, அடுத்த முறை ஊரார் ஓடவேண்டிய நேரத்தில் ஓடாதபடி செய்துவிடுகிறான்.

ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள், காலை 9.25 முதல் 9.27 வரை இரண்டு நிமிடங்கள் நாடு முழுவதும் மௌனம் அனுட்டிக்கின்றோம். தேசிய பாதுகாப்பு தினம் என்று அந்நாளுக்குப் பெயர். அது விடுமுறைக் காலமாகையால் பாடசாலைகளில் மாணவர்கள் இருப்பதில்லை, வீடுகளிலேதான் இருப்பர். பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. அந்த இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும், அடுத்த இரண்டு நிமிடங்களைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து உயரமான இடத்துக்குச் செல்லும் பாதை எது, முதியோரைத் தூக்குவது யார், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பவற்றைப் பிள்ளைகளின் வாயாலேயே சொல்லவையுங்கள். 2004ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் துயரம் ஒரு கதை. நமக்குக் கடல்கோள் ஒரு கதையாக இருந்ததுபோல. அந்தக் கதையோடு ஓடவேண்டிய பாதையையும் சேர்த்துச் சொல்லிவைத்தல், கேட்டவர்களாகிய நமது கடமை.